வாயுள்ள பிள்ளை பிழைக்கும் (அல்லது மைலோ டின்னுல விழுந்த பதினாலாவது சீட்டு)

போன சனிக்கிழமை சாயந்தரம் சிங்கப்பூர்ல ஒரு சமூக மன்றத்துல நான் பேசினது இது. போன்ல ரெக்கார்ட் பண்ணின தம்பியே டைப் பண்ணியும் குடுத்தாரு, நான் அங்கங்க கொஞ்சம் ஒட்டுப் போட்டிருக்கேன். மைக் கொய்ங்னு கத்தின இடத்தையெல்லாம் எடுத்தாச்சு.

எல்லாருக்கும் வணக்கம். மேடையில வீற்றிருக்கிற அடித்தள அமைப்பு ஆலோசகர் அவர்களே, அடுத்து ரெண்டு நிகழ்ச்சி இருந்தும் எங்களுக்காக வந்து உக்காந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. இந்தியர் நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே (பொருளாளர விட்டுட்டா முறுக்கு வராது), பக்கத்து வட்டாரத்துல இருந்து வந்திருக்கிற செயற்குழு நண்பர்களே, என்கூட ஒரே ஸ்டாஃப் ரூம்ல வேலை பார்த்த டீச்சருங்களே, என்கிட்ட படிச்சு இப்ப தன் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு முன் வரிசையில உக்காந்திருக்கிற அந்த ரெண்டு பேருக்கும் (நீங்க அன்னிக்கும் முன் வரிசைதான், பேசுவீங்கன்னு நான்தான் இழுத்துப் போட்டேன்), எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்குங்க, வயசு 66 ஆச்சு.

தலைப்பு குடுத்தாங்க, "தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் ஜனநாயகமும்"னு. இதக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சொன்னாரு, "ஏம்மா, ஏழு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு ஜனநாயகம், முதல்ல ஷூ லேஸ் கட்டச் சொல்லிக் குடு." சிரிக்கிறீங்க. பாதிப் பேரு வீட்ல இதே பேச்சுதான்னு எனக்குத் தெரியும். எங்க அப்பாயி ஒரு பழமொழி சொல்லிக்கிட்டே இருக்கும், வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு. இன்னிக்குப் பூரா அதையே சொல்லப்போறேன், பொறுத்துக்குங்க. மூணு விஷயம் வச்சிருக்கேன். ஒண்ணு, பிள்ளைங்களுக்குக் குரல்னா என்னன்னு. ரெண்டாவது, ஸ்கூல்ல அத எப்படிப் பழக்குறது. மூணாவது, பெரும்பான்மைன்னா மட்டும் போதுமா, கம்மியா இருக்கிறவங்க கதி என்னன்னு. மூணாவதுதான் முக்கியம், அதக் கடைசியில சொல்றேன்.

நம்ம ஊர்ல தினம் காலையில பிள்ளைங்க நெஞ்சில கைய வச்சு உறுதிமொழி எடுக்குது. 1966ல எஸ். ராஜரத்தினம் எழுதினது, யாழ்ப்பாணத்துப் பக்கம் பொறந்த மனுஷன். அதுல ஜனநாயக சமுதாயம்னு ஒரு வார்த்தை வருது பாருங்க, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை அத தினம் சொல்லுது, ஆனா அது என்னன்னு யாராவது எப்பவாவது உக்காத்தி வச்சுச் சொன்னோமா? நானே பத்து வருஷம் சொல்லல, உண்மைய ஒத்துக்கறேன். ஒரு நாள் ரெண்டாம் வகுப்புல கேட்டேன், ஜனநாயகம்னா என்னடான்னு. ஒரு பையன் எந்திரிச்சு, "விநாயகர் மாதிரி ஒரு சாமி, டீச்சர்"ங்கறான். நான் சிரிக்கல. தப்பு அவன் மேல இல்லையே.

தேர்தல் அன்னிக்கு லீவு விடுறாங்க. நிறைய இடத்துல வாக்குச்சாவடியே ஸ்கூல்தான். 2025 மே 3ஆம் தேதி எங்க வட்டாரத்துலயும் அப்படித்தான், பேத்தி என் கையப் புடிச்சுக்கிட்டு வந்து, "பாட்டி, ஏன் எங்க ஸ்கூல்ல எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க, கேண்டீன் தொறந்திருக்கா?"ன்னு கேட்டுச்சு. நல்ல கேள்வி. 21 வயசாயிட்டா நம்ம ஊர்ல கட்டாயம் ஓட்டுப் போடணும், 1959 தேர்தல்லேர்ந்து அப்படித்தான். சரி, 20 வயசு வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்த பிள்ளைக்கு 21ஆவது பொறந்த நாளன்னிக்கு மட்டும் கருத்து எங்கேர்ந்து முளைக்கும்? கேக் கூட வருமா?

இப்ப ஒரு கதை. கொஞ்சம் நீளம். ஆலோசகர் ஐயா கெளம்பணும்னா கெளம்பலாம், தப்பா நெனைக்க மாட்டேன்.

எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன். மூணாம் வகுப்புத் தமிழ். உங்களுக்கே தெரியும், தமிழ்ப் பிள்ளைங்க ஒரே வகுப்புல இருக்க மாட்டாங்க, நாலு வகுப்புலேர்ந்து பொறுக்கி ஒரு ரூமுக்கு வரணும். எங்க ரூம் நாலாவது மாடியில கடைசி ரூம். கேண்டீன் கீழ, அந்தக் கோடி. ரிசெஸ் மணி அடிச்சதும் எங்க பிள்ளைங்க பைய எடுத்து, படி எறங்கி, ஓடிப் போறதுக்குள்ள மீ (நூடுல்ஸ்) கடையில வரிசை பாம்பு மாதிரி நீண்டிருக்கும். தினம் என்கிட்ட வந்து புலம்பல், டீச்சர் பசிக்குது, டீச்சர் மீன் உருண்டை தீர்ந்துபோச்சு. ஒரு நாள் எனக்கே கடுப்பாகி, "என்கிட்ட ஏன் சொல்றீங்க, கூட்டம் போடுங்க, முடிவு பண்ணுங்க"ன்னுட்டேன். சும்மா வாய் தவறிச் சொன்னது. பிடிச்சுக்கிட்டாங்க.

மொத்தம் 14 பிள்ளைங்க. அன்னிக்கு ஒரு பொண்ணு காய்ச்சல்ல எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, ஆக 13 பேரு. பலகையில மூணு வழி எழுதினோம். ஒண்ணு, கீழ ரூம் மாத்தித் தரச் சொல்லிக் கேக்குறது. ரெண்டு, கொஞ்சம் முன்னாடியே விடச் சொல்லிக் கேக்குறது. மூணு, இருக்கிறபடியே இருக்கட்டும். சீட்டுல எழுதி மைலோ டின்னுல போடணும், மூடியில நான்தான் கத்திரியால கிழிச்சு ஓட்டை போட்டேன், விரல்ல ரத்தம் வந்தது வேற. எண்ணுனா 14 சீட்டு! முன்னாடியே விடணும்னு 7, ரூம் மாத்தணும்னு 6, சும்மா இருக்கட்டும்னு 1.

வகுப்பே அமைதி. அப்புறம் ஒரே கூச்சல். கள்ள ஓட்டுங்கற வார்த்தை அதுங்களுக்குத் தெரியாது, "சீட்டிங், சீட்டிங்"னு கத்துதுங்க. கடைசியில ஒரு பொண்ணு, ரெட்டச் சடை, கண்ணுல தண்ணி, எந்திரிச்சு "நான்தான் ரெண்டு போட்டேன் டீச்சர். ஒண்ணு என்னோடது, ஒண்ணு அவளோடது. அவ எம்.சி. இல்ல? பாவம்"ங்குது. எனக்குத் திட்ட வரல. நீங்களா இருந்தா திட்டுவீங்களா?

அப்ப நடந்துச்சு பாருங்க ஒரு விவாதம், இன்னி வரைக்கும் எந்த மேடையிலயும் நான் அப்படிக் கேட்டதில்ல. உடம்பு சரியில்லாதவங்களுக்கு ஓட்டு உண்டா இல்லையா? ஒருத்தன், "வந்தாத்தான் ஓட்டு." இன்னொருத்தி, "அப்ப என் தாத்தா படுத்தே இருக்காரு, அவருக்கு?" பெரியவங்க இதையே எத்தனையோ வருஷம் யோசிச்சு, 2023 அதிபர் தேர்தல்லதான் வெளிநாட்டுல இருக்கிறவங்க தபால்ல போடலாம்னு கொண்டுவந்தாங்க, சில தாதிமை இல்லங்களுக்கு வாக்குப்பெட்டியே போச்சு. எங்க மூணாம் வகுப்பு அதுக்கும் முன்னாடியே 25 நிமிஷத்துல அந்த இடத்துக்கு வந்துடுச்சு. முடிவு என்னன்னா, அவ வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அவளையே கேக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பொண்ணு வந்துச்சு. எல்லாரும் சூழ்ந்துக்கிட்டாங்க. ரெட்டச் சடை ஆசையா, "உனக்காக நான் போட்டேன், சீக்கிரம் விடச் சொல்லி"ன்னுது. இவ மூஞ்ச சுளிச்சு, "யாரு உன்னக் கேட்டா? நான் வீட்லேர்ந்து சாப்பாடு கொண்டு வர்றேன், எனக்கு வரிசையே இல்ல, எனக்கு இந்த ரூம்தான் புடிக்கும், ஜன்னல்ல எம்.ஆர்.டி. ரயில் தெரியும்"ங்குது.

சிரிங்க, நல்லா சிரிங்க. சிரிச்சு முடிச்சுட்டு நம்ம வீட்ட நெனச்சுப் பாருங்க. அந்த ரெண்டாவது சீட்டத்தான் நாம தினம் போட்டுக்கிட்டு இருக்கோம். பிள்ளைகிட்ட யாராவது "என்ன சாப்பிடுற?"ன்னு கேட்டா நாம பதில் சொல்றோம். "எந்த சி.சி.ஏ. (இணைப்பாட நடவடிக்கை) புடிக்கும்?"னு கேட்டா நாம பதில் சொல்றோம். கிளினிக்ல டாக்டர் "எங்க வலிக்குது?"ன்னு பிள்ளையக் கேட்டா அதுக்கும் நாமதான். வயிறு அவனோடது, வலி நம்ம வாயில! வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லிக்கிட்டே வாயப் பொத்துறது யாரு?

கதை முடியல. அந்த ஒரு சீட்டு சும்மா இருக்கட்டும்ங்கற பக்கம் போயிடுச்சு, இப்ப கணக்கு 6, 6, 2. சமம். என்ன பண்றதுன்னு முழிக்கிறப்ப, வருஷம் பூரா பத்து வார்த்தை கூடப் பேசாத ஒரு பையன், "ஸ்கூல் துணை முதல்வர எங்ககூட நடந்து பாக்கச் சொல்லலாம்"னான். அவ்ளோதான் சொன்னான். கடிதம் எழுதினாங்க, தமிழ்ல, 14 கையெழுத்து. துணை முதல்வர் சீன அம்மா, தமிழ் தெரியாது, அதனால ரெண்டு பிள்ளைங்க கடிதத்தப் புடிச்சுக்கிட்டு ஒருத்தி தமிழ்ல படிக்க ஒருத்தன் இங்கிலீஷ்ல சொல்ல, அப்படியே நாடாளுமன்றம் மாதிரி. அந்தம்மா மறுநாள் கையில கடிகாரத்தோட நாலு மாடியும் எங்ககூட எறங்கினாங்க. ஹீல்ஸ் போட்டுக்கிட்டு. கேண்டீன் போய்ச் சேர 4 நிமிஷம் ஆச்சு. ரூம் மாத்த முடியாது, ஏன்னா கீழ ரூம் எல்லாம் ஒண்ணாம் வகுப்புக்கு வேணும்னு பிள்ளைங்க முன்னாடியே வந்து காரணம் சொன்னாங்க. ஆனா பாடத்த 3 நிமிஷம் முன்னாடி முடிக்கலாம்னாங்க, எங்களுக்கும், எங்கள மாதிரியே ரூம் மாறிப் போற மலாய் வகுப்புக்கும். மலாய்ப் பிள்ளைங்க கேக்கவே இல்ல, சும்மா கெடச்சுது. எங்க பசங்களுக்கு அதுல கொஞ்சம் வயித்தெரிச்சல்தான், மறைக்க மாட்டேன்.

சரி, எங்க விட்டேன். ரெண்டாவது விஷயம், ஸ்கூல். பிள்ளைகளப் பாதிக்கிற விஷயத்துல அதுங்க கருத்தக் கேக்கணும்னு ஐ.நா.வோட 1989 குழந்தை உரிமை ஒப்பந்தம் 12ஆவது பிரிவுல இருக்கு, சிங்கப்பூர் 1995ல அதுல சேர்ந்துச்சு. இது ஏதோ வெள்ளக்காரன் சமாச்சாரம்னு நெனைக்காதீங்க. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர்ல கல்வெட்டு இருக்கு, பராந்தக சோழன் காலம், 1,100 வருஷம் ஆச்சு. ஊர்ச் சபைக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க 30 குடும்பு (ஊர்ப் பிரிவு), ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்கி எடுக்கணும். யார் எடுக்கறதுங்கறீங்க? உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன்! பெரியவங்க கைய அவங்களே நம்பல. அதுல நிலம் இருக்கிற, வேதம் படிச்ச ஆம்பளைங்கதான் நிக்க முடியும், அதையும் சேர்த்துத்தான் சொல்லணும், சும்மா பெருமை மட்டும் அடிக்கக் கூடாது. ஆனா கணக்கு காட்டாதவன் நிக்க முடியாதுன்னும் இருக்கு. பொருளாளர் ஏன் தலையக் குனியுறாரு?

இங்கயே பாருங்க, கோ. சாரங்கபாணி 1935ல தமிழ் முரசு பத்திரிகைய ஆரம்பிச்சவரு, ஐம்பதுகள்ல மாணவர் மணிமன்றம்னு பிள்ளைங்களுக்குன்னே பக்கம் ஒதுக்கினாரு. பிள்ளைங்க எழுதி அனுப்பினாங்க, அச்சுல பேரு வந்துச்சு, அதுலேர்ந்துதான் பிற்பாடு எத்தனையோ பேரு எழுத்தாளரா ஆனாங்க.

இதுல தமிழ் எங்க வருதுன்னு கேப்பீங்க. என்ன மேடையில ஏத்துனா வேற எங்க போவேன்? தொடக்கப்பள்ளியில நற்பண்பு, குடியியல் பாடம், சி.சி.இ.ங்கறோமே, அது தாய்மொழியிலதான் நடக்குது. அப்ப ஜனநாயகத்தச் சொல்லிக் குடுக்கற வேலை ஏற்கனவே தமிழ் டீச்சர் கையிலதான் இருக்கு. நாடாளுமன்றத்துல மலாய், இங்கிலீஷ், மாண்டரின், தமிழ், நாலுலயும் பேசலாம்னு அரசியலமைப்பே சொல்லுது, மொழிபெயர்க்க அங்க ஆள் உக்காந்திருக்காங்க. மைக் தயாரா இருக்கு. வாய்? 2020 கணக்கெடுப்புல வீட்டுல அதிகமா இங்கிலீஷ் பேசுற இந்தியர்கள் 59.2 விழுக்காடு, அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி 41.6. நான் யாரையும் குத்தம் சொல்லல, என் வீட்லயே பேத்தி என்கிட்ட தமிழ், அவங்க அம்மாகிட்ட இங்கிலீஷ்.

ஆறாம் வகுப்புல எழுதுற பி.எஸ்.எல்.இ. பரீட்சையோட வாய்மொழித் தேர்வுக்கு நான் எத்தனையோ பிள்ளைங்களப் பழக்கிருக்கேன். வீடியோ காட்டி, நீ என்ன நினைக்கிறன்னு கேட்டா, "என் கருத்துப்படி"ன்னு கணீர்னு ஆரம்பிக்கும். டியூஷன்ல மனப்பாடம். அதுக்கப்புறம் மேல பாக்கும், கீழ பாக்கும், ஃபேன் பாக்கும். "என் கருத்துப்படி" இருக்கு, கருத்துதான் இல்ல! ஏன்னா அதுவரைக்கும் அதுகிட்ட தமிழ்ல யாரும் கருத்தே கேக்கல. "சாப்டியா, குளிச்சியா, ஹோம்வொர்க் முடிச்சியா"ன்னு மட்டும்தான் தமிழ். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரி, எந்த வாய்? கட்டளைக்குத் தமிழ், யோசனைக்கு இங்கிலீஷ்னு ஆக்கிட்டோம்.

அதனால என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு, மூணு வருஷமா போற எடமெல்லாம் கேக்குறேன், இந்த மன்றத்துலயே இது ரெண்டாவது தடவ. ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில பத்து நிமிஷம் வீட்டுக் கூட்டம், தமிழ்ல. தலைவர் பதவி வாராவாரம் மாறணும், பிள்ளையும் தலைவர் ஆகணும். ஏதாவது ஒரு விஷயத்தப் பிள்ளைங்களும் சேர்ந்து முடிவு பண்ணணும், லீவுக்கு எங்க போறது, ஐபேட் எத்தனை மணிக்கு அணைக்கிறது, எதுவானாலும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, ஆனா அந்தத் துணை முதல்வர் மாதிரி காரணம் சொல்லுங்க. போன வருஷம் ஒரு அப்பா வந்து, "டீச்சர், கூட்டம் போட்டேன், மூணுக்கு ஒண்ணுல தோத்துட்டேன், வீட்ல இப்ப பூனை இருக்கு"ன்னாரு. நான் என்ன செய்ய.

தலைவர் கைக்கடிகாரத்தப் பாக்குறாரு. மூணாவது விஷயம், கம்மியா இருக்கிறவங்க கதி, அது பாக்கி இருக்கு, இன்னொரு மேடை குடுத்தா பேசுறேன். அந்த எம்.ஆர்.டி. ஜன்னல் பொண்ணு கட்சியில ரெண்டே பேருதான் இருந்தாங்கங்கறத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

பின்னாடி முறுக்குத் தட்டு பக்கத்துல ஒரு தாள் வச்சிருக்கேன். வீட்டுக் கூட்டம் போடுவோம்னு சொல்றவங்க பேரும் பிள்ளை பேரும் எழுதிட்டுப் போங்க. பிள்ளை பேர நீங்க எழுதாதீங்க, பிள்ளையே எழுதட்டும், அதுக்கு இஷ்டம் இருந்தா. அந்த நீலப் பேனா மன்றத்தோடது, எடுத்துட்டுப் போயிடாதீங்க, போன தடவ மூணு காணாமப் போச்சு. தே தண்ணி ஆறுது, நான் எறங்குறேன். வணக்கம்.