ஒரு டாக்டர உருவாக்க கவர்மெண்ட்டுக்கு எவ்வளவு ஆகுது?

நேயர்களுக்கு வணக்கம். மெடிக்கல் கவுன்சிலிங் ஆரம்பிச்சாலே ஒரு பேச்சு கிளம்பிடும், ஒரு எம்பிபிஎஸ் ஸ்டூடண்ட்டுக்கு கவர்மெண்ட் இத்தன லட்சம் செலவு பண்ணுது, படிச்சு முடிச்சதும் ஃபாரின் போயிடறாங்கன்னு. நீங்களும் கேட்டிருப்பீங்க. அந்த இத்தன லட்சத்த யாரு எப்படி கணக்கு போட்டாங்கன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல. நான் இங்க சென்னையில அரசு ஆஸ்பத்திரி கணக்குப் பிரிவுல வேலை பார்த்தவன், அதனால இதப் பத்தி பேசணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு.

மொதல்ல ஃபீஸ் வேற, செலவு வேற. சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டியோட ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ்ல எம்பிபிஎஸ் பசங்க வருஷத்துக்கு அஞ்சு லட்சத்துக்கு மேல கட்டிட்டு இருந்தாங்க, பல நாள் போராடினாங்க, 2021-ல தமிழ்நாடு அரசோட சுகாதாரத்துறை காலேஜ எடுத்துக்கிட்டதும் அது 13,610 ரூபாயா இறங்குச்சு. ப்ரொஃபசர் அதே ஆளு, லேப் அதே லேப், வார்டும் அதேதான். செலவு ஒண்ணும் குறையல, மிச்சத்த கஜானா ஏத்துக்கிச்சு, அவ்வளவுதான். அது நியாயம்னுதான் நான் சொல்லுவேன்.

சரி, கஜானா கொடுக்கற அந்தப் பணம் எவ்வளவு? இங்கதான் சிக்கல். சென்ட்ரல் எதிர்ல இருக்கற ஜிஎச்-ல காலையில ரவுண்ட்ஸ் போகும்போது பாருங்க. அசிஸ்டண்ட் ப்ரொஃபசர் ஒரு நோயாளியோட வயித்த அமுக்கிப் பார்த்து மருந்து எழுதறாரு, அதே நேரத்துல சுத்தி நிக்கற பசங்ககிட்ட ஈரல் எங்க தட்டுப்படுதுன்னு கேக்கறாரு, பக்கத்து பெட்ல சிஆர்ஆர்ஐ பையன், அதாவது எம்பிபிஎஸ் கடைசியில வார்டுல பயிற்சி டாக்டரா இருக்கற பையன், ரத்தம் எடுக்கறான், நர்சிங் ஸ்டூடண்ட் பிபி பார்த்து கேஸ் ஷீட்ல எழுதுது. இதுல அந்த டாக்டரோட சம்பளத்துல எவ்வளவு வைத்தியத்துக்கு, எவ்வளவு பாடத்துக்கு? சம்பள பில்லுல அப்படி ரெண்டு கட்டம் கிடையாது. மருந்து, டெஸ்ட் எல்லாம் நோயாளிக்குப் போறது, அதையும் சேத்து மாணவர் எண்ணிக்கையால வகுத்தா தொகை எங்கயோ போய் நிக்கும். ராத்திரி பகலா வார்டுல நிக்கற அந்த சிஆர்ஆர்ஐ பையனோட உழைப்ப மட்டும் யாரும் கழிக்க மாட்டாங்க.

2022 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 புது மெடிக்கல் காலேஜ் திறந்தாங்க இல்லையா, கிட்டத்தட்ட 4,000 கோடி, 1,450 சீட். வகுத்தா சீட்டுக்கு ரெண்டே முக்கால் கோடி வரும். ஆனா அந்தக் கட்டடம் நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கும், அதுல பிரசவம் நடக்கும், டயாலிசிஸ் நடக்கும், அதப் போய் முதல் பேட்ச் பசங்க தலையில எழுத முடியுமா?

படிப்பு முடிச்சா அரசு வேலை பார்க்கறேன்னு எழுதிக் கொடுக்கற பாண்ட் விஷயமும் இப்படித்தான். எம்டி, எம்எஸ் மாதிரி பிஜி முடிச்சவங்க ரெண்டு வருஷம் அரசு வேலை பார்க்கணும், இல்லன்னா 40 லட்சம் கட்டணும்னு இருந்தது, 2023-ல ஒரு வருஷம், 20 லட்சம்னு ஆயிடுச்சு. படிப்போட செலவு ஒரே ஆர்டர்ல பாதியாகுமா? அப்போ அந்தத் தொகை செலவுக் கணக்குல இருந்து வந்ததில்லன்னுதானே அர்த்தம். கிராமத்துல, தாலுகா ஆஸ்பத்திரியில டாக்டர் வேணும், அதுக்கு சர்வீஸ் கேக்கறது சரிதான், ஆனா கணக்கக் காட்டிட்டு கேக்கணும்.

ஆஸ்திரேலியாவுல இந்தக் கணக்க கோர்ஸ் வாரியா போட்டே வெச்சிருக்காங்க. 2021-ல மெடிசினுக்கு ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு அரசு பங்கு 27,000 டாலர், மாணவர் பங்கு 11,300. நர்சிங்குக்கு அரசு 16,250, மாணவர் 3,950. அது கூடவா குறைவான்னு சண்டை போடலாம், சண்டை போட ஒரு நம்பராவது கையில இருக்கு. இங்க டாக்டர் படிப்பப் பத்தியாவது பேசறோம், நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி படிக்கற பசங்களுக்கு எவ்வளவு போகுதுன்னு கேக்கறதுக்கே ஆளில்ல, அவங்க இல்லாம ஒரு வார்டு ஒரு நாள் ஓடாது.

ஒவ்வொரு வருஷமும் சட்டசபையில சுகாதாரத்துறை மானியக் கோரிக்கை வரும்போது கொள்கை விளக்கக் குறிப்புன்னு ஒரு புத்தகம் கொடுப்பாங்க, அதுல ஒரே ஒரு பக்கம் போதும்: எம்பிபிஎஸ், பிடிஎஸ், நர்சிங், பிசியோதெரபின்னு தனித்தனியா, பாடத்துக்கு இவ்வளவு, வைத்தியத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இந்தக் கணக்க எடுக்க ஆளும் இருக்கு, ரிஜிஸ்டரும் இருக்கு. உங்க தொகுதி எம்எல்ஏவ பார்க்கும்போது இதக் கேளுங்க. வணக்கம்.