இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு ரேஞ்சர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போனால், பிள்ளைகள் எப்படியும் ஒரு தேசியப் பூங்காவுக்குக் காரில் கூட்டிப்போய்விடுவார்கள். யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் என்று ஏதாவது ஒன்று. அங்கே சாம்பல் நிறச் சட்டை, பச்சைக் கால்சட்டை, அகல விளிம்புத் தொப்பியோடு நிற்பவர்தான் ரேஞ்சர். கரடி எங்கே, கழிவறை எங்கே என்று அவரிடம் எல்லோரும் கேட்பார்கள். அதே சீருடையில், இடுப்பில் துப்பாக்கியும் கைவிலங்கும் தொங்க ஒருவர் வந்தால் அவர் வேறு ரகம். கைது செய்யும் அதிகாரம் உள்ளவர். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பூங்காவுக்கு எதற்கு போலீஸ் என்று தோன்றும். 1872-ல் யெல்லோஸ்டோனைப் பூங்காவாக அறிவித்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். காட்டெருமையைச் சுட்டால் என்ன தண்டனை என்று சட்டத்தில் எழுதவே இல்லை. 1894 மார்ச்சில் எட்கர் ஹோவெல் என்ற வேட்டைக்காரன், பனி மூடிய பெலிகன் பள்ளத்தாக்கில் எருமைகளைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் துப்பாக்கி, காவலுக்கு ஒரு நாய். அப்போது பூங்கா ராணுவத்தின் காவலில் இருந்தது. ராணுவத்துக்கு வேலை பார்த்த ஃபெலிக்ஸ் பர்ஜஸ் என்ற வழிகாட்டியிடம் ஒரு ரிவால்வர் மட்டும்தான். ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில், சுமார் 400 கெஜ தூரம் பனிச்சறுக்குக் கட்டைகளில் அவனை நெருங்கினார். காற்று பலமாக வீசியதால் நாய்க்குக்கூடத் தெரியவில்லை. ஹோவெல் நிமிர்ந்து பார்த்தபோது ரிவால்வர் அவனுக்கு நேராக நின்றது. இப்படி உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவனைப் பூங்காவை விட்டு வெளியே அனுப்பத்தான் சட்டத்தில் இடம் இருந்தது! விஷயம் பத்திரிகையில் வந்து பெரிதாகி, அதே ஆண்டு மே மாதம் லேசி சட்டம் நிறைவேறியது. சிறை, அபராதம், விசாரிக்க ஓர் அதிகாரி எல்லாம் அப்புறம்தான் வந்தன. யெல்லோஸ்டோனுக்குள் இன்றைக்கும் ஒரு நீதிபதி இருக்கிறார்.

தேசியப் பூங்கா சேவை என்ற அமைப்பு 1916-ல் உருவானது. 1970 ஜூலையில் யோசெமிட்டியில் இளைஞர் கூட்டத்துக்கும் ரேஞ்சர்களுக்கும் பெரிய மோதல் நடந்த பிறகே முறையான காவல் பயிற்சியைப் பற்றித் தீவிரமாக யோசித்தார்கள். துப்பாக்கி ஏந்தவும் கைது செய்யவும் தெளிவான அதிகாரம் தந்த சட்டம் 1976-ல் வந்தது.

யெல்லோஸ்டோனின் பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். குடித்துவிட்டு ஓட்டுகிறவரைப் பிடிப்பது, கூடாரத்தில் நடந்த திருட்டை விசாரிப்பது, மாரடைப்பு வந்தவருக்கு முதலுதவி, ஆற்றில் போனவரைத் தேடுவது, காட்டுத்தீ எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழும். எருமையோடு படம் எடுக்கப் போகிறவரை 25 கெஜம் தள்ளி நில்லுங்கள் என்று விரட்டுவதும் அவர் வேலைதான். பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. கூப்பிட்டால் அடுத்த ரேஞ்சர் வந்துசேர நேரமாகும். தனிக்காட்டு ராஜா என்போமே, இவருக்குத் தனிக்காடு மட்டும்தான் கிடைக்கிறது.

ஆபத்து என்றதும் நாம் கரடியை நினைக்கிறோம். இவர்களைக் கொன்றவர்களின் கதையைப் பார்த்தால் சில அற்ப விஷயத்தில்தான் தொடங்குகின்றன. 1999 டிசம்பரில் ஹவாயில், ஒருவர் நாய்களை அவிழ்த்துவிட்டிருக்கிறார் என்ற புகாரைப் பார்க்கத் தனியாகப் போனார் ரேஞ்சர் ஸ்டீவ் மகுவாகனே-ஜாரெல். கைகலப்பில் அந்த ஆள் ரேஞ்சருடைய துப்பாக்கியாலேயே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டான்.

2012 புத்தாண்டு அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைப் பூங்காவில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பனிக்காலத்தில் அங்கே வண்டிகளை நிறுத்தி, வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் ஊர் ஹெல்மெட் சோதனை மாதிரி சாதாரண விஷயம். ஒரு கார் நிற்காமல் போய்விட்டது. முந்தைய இரவு சியாட்டில் அருகே ஒரு விருந்தில் நாலு பேரைச் சுட்டவன் என்று சந்தேகிக்கப்பட்டவன் அதில் இருந்தான். மலைமேல் பாரடைஸ் என்ற இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் குடும்பத்தோடு பனியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாதையில் இருந்த ரேஞ்சர் மார்கரெட் ஆண்டர்சன் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார். அவன் வந்த வேகத்தில் சுட்டான். தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்ததால் மற்றவர்கள் அவரை உடனே நெருங்க முடியவில்லை. அவர் பிழைக்கவில்லை. வயது 34, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். கணவரும் அதே பூங்காவில் ரேஞ்சர். கொலையாளி மேலே போகவில்லை, காட்டுக்குள் ஓடினான். மறுநாள் ஓடையில் பிணமாகக் கிடந்தான். அதே ஆண்டு ஜூன் மாதம், அதே மலையில், பனிப்பாறையில் சிக்கிய மலையேறிகளை மீட்கும்போது நிக் ஹால் என்ற ரேஞ்சர் சறுக்கி விழுந்து இறந்தார்.

அரிசோனாவில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஆர்கன் பைப் பூங்காவின் கதை வேறு. 2002 ஆகஸ்டில், எல்லை தாண்டி ஓடிவந்த ஆயுதக்காரர்களைத் துரத்திய கிரிஸ் எகில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு 28 வயது. அதன்பின் பூங்காவின் பெரும்பகுதி பத்து ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்தது.

இவ்வளவுக்கும் நடுவே எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. இவர்களில் சிலர் கோடைக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படுகிறவர்கள். காவல் பயிற்சிக்கான செலவு பெரும்பாலும் அவர்கள் கைக்காசு. சீசன் முடிந்தால் வேறு வேலை தேட வேண்டும். 2024-ல் அந்நாட்டுப் பூங்காக்களுக்கு வந்த வருகைகள் சுமார் 33 கோடி. இந்தக் கூட்டத்தைத் தற்காலிக ஆட்களையும் வைத்துச் சமாளிப்பதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அங்கே போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பின்னால் விளக்கு சுழல ரேஞ்சர் வண்டி வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருங்கள். நம் ஊரில் மரியாதைக்காக இறங்கி அதிகாரியை நோக்கி நடப்போம். அங்கே அதைச் செய்யாதீர்கள். கையை ஸ்டியரிங் மேல் வையுங்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் கை தெரியும்படி இருக்கட்டும். பாஸ்போர்ட்டை எடுக்கப் பையைத் துழாவுவதற்கு முன் எடுக்கலாமா என்று கேளுங்கள். காருக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

வணக்கம்.