ஓசி அரிசியும் ஒத்தப் பருக்கையும்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், ஆடி மாசக் கூழ் ஊத்துற நாள்ல நம்ம பழைய வண்ணாரப்பேட்டை பந்தல்ல உக்காந்திருக்கிற அம்மா அக்கா அண்ணன்மாரு எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல சோத்த கொட்ட விடாம நம்ம கைய புடிக்கிறது சாமி நம்பிக்கையா, விலைவாசியா? இது தான் தலைப்பு. நான் நம்பிக்கை அணி.

எதிரணி அண்ணன் சொன்னாரு, தக்காளி விலை ஏறுனா சிக்கனம் தானா வரும், இதுல சாமி எங்க வந்துச்சுன்னு. சரிண்ணே, விலைக்கே வரேன். ரேஷன் அரிசிக்கு இன்னா விலை குடுக்குறீங்க? 2011 ஜூன்ல இருந்து நம்ம தமிழ்நாட்டுல அரிசி கார்டுக்கு அது ஓசி. காசு தான் காரணம்னா அந்த சோத்த கொட்ட யாருக்கும் மனசு உறுத்தவே கூடாதே!

எங்கம்மாவ சொல்றேன். ராத்திரி மிச்ச சோத்துக்கு தண்ணி ஊத்தி மூடிட்டு, குண்டான் அடியில ஒட்டுனத விரலால வழிச்சு அதுலயே போடுவாங்க, காலையில அது மோரும் சின்ன வெங்காயமும் சுட்ட கருவாடும் சேந்து எங்களுக்கு வரும். கீழ ஒரு பருக்கை விழுந்துட்டா, மூட்டு வலியில செவுத்த புடிச்சு குனிஞ்சு எடுத்து கண்ணுல ஒத்திக்கிட்டு மாடி மதில்ல காக்காவுக்கு வைப்பாங்க. நான் ஒருநாள் தாங்க முடியாம, ரேஷன் அரிசி தானேம்மா விடுன்னேன். "அரிசி ரேஷன்ல வந்துச்சு, அன்னலட்சுமியும் ரேஷன்லயாடி வந்தா?"ன்னு கேட்டாங்க. இதுக்கு எந்த மளிகைக் கணக்குல பதில் இருக்கு?

ராயபுரத்துல எங்க பழைய வீட்டுக்காரம்மா ஜெபம் பண்ணாம தட்டுல கை வைக்க மாட்டாங்க. யோவான் 6ஆம் அதிகாரம் அவங்க தான் எனக்கு சொல்லிக் குடுத்தாங்க. அஞ்சு அப்பம் ரெண்டு மீன்ல அத்தன பேருக்கும் சாப்பாடு போட்ட ஏசு, மிஞ்சுன துண்டெல்லாம் ஒண்ணும் வீணாகாம சேத்து எடுங்கன்னு சொல்றாரு, பன்னெண்டு கூடை சேருது. நெனச்சா இன்னும் ஆயிரம் அப்பம் வர வைக்கிறவருக்கு துண்டு எதுக்குங்க? அங்க பஞ்சமே இல்ல, அப்பவும் வீணாக்காதன்னாரு. அதே மாதிரி எங்க பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துல, கீழ விழுந்த கவளத்தயும் தொடச்சுட்டு சாப்பிடுவாங்க, நபி சொன்னதுங்க அது, எந்தப் பருக்கையில பரக்கத், அதாவது இறைவனோட அருள், இருக்குன்னு நமக்குத் தெரியாதாம்.

இன்னொரு கணக்கு. 2022ல உலகத்துல வீணான சாப்பாடு 105 கோடி டன், அதுல 63 கோடி டன் ஓட்டல்ல இல்ல, வீட்டுல. ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல சொன்னது. பணக்கார நாட்டுக்கும் நடுத்தர வருமான நாடுங்களுக்கும் வீட்டுல வீணாகுறதுல ஆளுக்கு வருசத்துக்கு 7 கிலோ தான் வித்தியாசமாம். பர்ஸ் தான் கைய புடிக்குதுன்னா அந்த வித்தியாசம் மலை மாதிரி இருந்திருக்கணுமே அண்ணே?

படையல்ல வீணாகுதுன்னு சொன்னீங்க. ஒத்துக்கிறேன், எனக்கும் வயிறு எரியுது. எச்சில் தீட்டுன்னு நல்ல சோத்த ஒதுக்குறதும் நம்ம வீடுகள்ல இருக்கு. ஆனா அது ஊர் பாக்குறதுக்கு செய்யிறது, வீட்டுல யாரும் பாக்காதப்ப குனியிற எங்கம்மா கை தான் நம்பிக்கை. இதே வடசென்னை ஏழுகிணறுல வாழ்ந்தவரு தான் வள்ளலார், அவரு 1867ல வடலூர்ல பசிச்சவங்களுக்கு சோறு போட மூட்டுன அடுப்பு இன்னும் அணையல, லாபம் பாத்தா எரியுது? நாம கொட்டுறது எங்க போவுதுன்னும் நமக்குத் தெரியும், கொடுங்கையூர் குப்பை மேட்டுல நம்ம சோறு அடியில காத்தில்லாம அழுகி நாறுது, மீத்தேன் வாயுவும் கெளம்புது, அந்த நாத்தத்துல தான் அங்க பசங்க ஸ்கூலுக்கு நடக்குறாங்க.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, ஒரே நிமிசம். பந்தலுக்குப் பின்னாடி பாருங்க, கூழ் இன்னும் மிச்சம் இருக்கு, தூக்குவாளியோட ஒரு அக்கா நிக்கிறாங்க. கூழ் ஓசி தான். ஆனா கரண்டியில ஒட்டுனதயும் தட்டி ஊத்துங்கன்னு கேக்குறாங்க பாருங்க. தீர்ப்பு சொல்றதுக்கு முன்ன அவங்கள மேடைக்கு கூப்ட்டு ஏன்னு கேளுங்க ஐயா, நான் உக்காந்துக்கிறேன்.