அரியர் பேப்பரும் நிலாவுல விழுந்த விக்ரமும்

போன மாசம் நாமக்கல் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல, அரியர் (ஃபெயிலாகி திரும்ப எழுத வேண்டிய பேப்பர்) வச்சிருக்க பசங்களுக்கு மட்டும்னு ஒரு மீட்டிங் போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. ரெக்கார்டிங்க கேட்டு டைப் பண்ணினது இது, பேசுன மாதிரியே விட்டுட்டேன்.

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிற தம்பி, முன்னாடி சீட் காலியாத்தான் இருக்கு, வாங்க, யாரும் எத்தனை அரியர்னு கேக்க மாட்டாங்க. பேனர்ல "தோல்வியே வெற்றியின் முதல் படி"ன்னு போட்டிருக்காங்க. எனக்கு இந்த வரியோட ரொம்ப நாளா ஒரு சண்டை இருக்கு. தோல்வி படின்னா நான் அப்பவே மொட்டை மாடிக்குப் போயிருக்கணும், எனக்கு மொத்தம் 11 அரியர்.

அதுல எம்-3, அதாவது மூணாவது மேத்ஸ் பேப்பர், மட்டும் மூணு தடவை போச்சு. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வந்த அன்னைக்கு அழுகை, அடுத்த நாள் பிரியாணி, அதுக்கடுத்த நாள் "நமக்கு மேத்ஸ் வராதுடா"ன்னு ஒரு டயலாக், அவ்ளோதான், திரும்ப அதே நோட்ஸ், அதே கடைசி வார படிப்பு, அதே மார்க். மூணாவது தடவை எங்க ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர், "எதுல போச்சுன்னு பாத்தியா?"ன்னு கேட்டார். பாக்கல. விடைத்தாள் ஜெராக்ஸ் கேட்டு வாங்கலாம்னு எனக்குத் தெரியும், ஆனா காசு கட்டி அசிங்கத்தை வாங்கணுமான்னு விட்டுட்டேன். அவர்தான் 300 ரூபா கொடுத்தார் (திருப்பிக் கொடுத்தேனான்னு ஞாபகம் இல்ல).

ஜெராக்ஸ் வந்துச்சு. டீக்கடை பெஞ்சுல உக்காந்து பிரிச்சேன். ஃபோரியர் சீரிஸ் கணக்கு, 16 மார்க். ஏ-நாட் கரெக்ட். ஏ-என் கண்டுபிடிக்க பெர்னோலி ஃபார்முலா போடுவோம்ல, ப்ளஸ் மைனஸ் ப்ளஸ்னு மாறி மாறி வரும், அந்த ரெண்டாவது இடத்துல மைனஸ் போடாம ப்ளஸ் போட்டிருக்கேன். அதுக்கப்புறம் ஒன்றரை பக்கம் அழகா எழுதியிருக்கேன், அத்தனையும் தப்பு. சரி கவனக்குறைவுன்னு அடுத்த கணக்கைப் பாத்தா அங்கயும் அதே இடம், அதே ப்ளஸ். மூணாவதுலயும் அதே. கடைசி கேள்விக்கு நம்பர் மட்டும் போட்டு கீழ காலியா இருக்கு, டைம் இல்ல. எனக்கு மேத்ஸ் வராதுன்னு ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், அந்த பேப்பரைப் பாத்தா எனக்கு வராதது ஒரு மைனஸ், அவ்ளோதான்!

இதை ஏன் சொல்றேன்னா, இதையே பெரிய அளவுல பண்ணவங்க கதை ஒண்ணு இருக்கு, அதுல உங்க ஊருக்கும் பங்கு இருக்கு. 2019 செப்டம்பர் 7, விடியக்காலை 2 மணி வாக்குல சந்திரயான்-2 லேண்டர் விக்ரம் நிலாவுல இறங்கிட்டு இருந்துச்சு. தரைக்கு 2.1 கிலோமீட்டர் இருக்கும்போது சிக்னல் கட். இஸ்ரோ தலைவர் சிவன் சார் அழுதது, பிரதமர் கட்டிப்பிடிச்சது, அதை நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம். அந்த லேண்டரை இறக்கிப் பாக்குற டெஸ்ட்டுக்கு நிலா மண்ணு மாதிரி வேணும்னு இங்க சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் இருக்குற அனார்த்தசைட் பாறைய எடுத்துட்டுப் போய் பொடி பண்ணித்தான் தயார் பண்ணாங்க. நாம வீட்டுக்குப் பின்னாடி பாக்குற கல்லு.

எல்லாருக்கும் தெரிஞ்சது அந்த அழுகை. ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் நடந்தது. 2023-ல அப்போ தலைவரா இருந்த சோமநாத் சார், என்ன தப்புன்னு வெளிப்படையாவே சொன்னார். அஞ்சு இன்ஜினும் சேந்து லேண்டரோட வேகத்தைக் குறைக்கணும், ஆனா அதுங்க எதிர்பார்த்ததை விடக் கொஞ்சம் ஜாஸ்தியா தள்ளிடுச்சு. அந்த வித்தியாசத்தை உடனே சரி பண்ண முடியல, ஏன்னா போட்டோ எடுக்குறதுக்காக லேண்டர் கொஞ்ச நேரம் ஆடாம இருந்தாகணும், அதுக்குள்ள பிழை சேந்துகிட்டே போச்சு. அப்புறம் சரி பண்ணலாம்னு வந்தா படக்குனு திரும்ப வேண்டியிருக்கு, ஆனா இவ்ளோ வேகத்துக்கு மேல திரும்பாதேன்னு சாப்ட்வேர்லயே லிமிட் போட்டு வச்சிருக்காங்க. அதுக்கு மேல, இறங்குற இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்னு சொல்லி அனுப்பியிருந்ததால, தரைகிட்ட வந்தும் அந்த இடத்தைப் பிடிக்கணும்னு வேகத்தைக் கூட்டிட்டு ஓடியிருக்கு. பரீட்சைல 5 நிமிஷம் இருக்கும்போது 16 மார்க் கணக்கை ஆரம்பிப்போம்ல, அதே மாதிரி.

சரி, மாத்தினது என்ன? நடு இன்ஜினைத் தூக்கிட்டு நாலாக்குனாங்க. இறங்குற இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர்னு பெருசாக்குனாங்க. எரிபொருள் கூட்டினாங்க, செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துல வந்து மோதினாலும் தாங்குற மாதிரி கால்களை பலமாக்குனாங்க, வேகத்தை அளக்க லேசர்ல ஒரு புது சென்சார் வச்சாங்க. ஒவ்வொரு மாத்தத்துக்கும் பின்னாடி பழைய லேண்டரோட ஒரு தப்பு இருக்கு பாருங்க. எது எது கெட்டுப்போகலாம்னு முதல்லயே எழுதி வச்சுட்டு டிசைன் பண்ணோம்னு சொன்னாங்க. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6 மணி தாண்டி சந்திரயான்-3 இறங்குனது உங்களுக்குத் தெரியும். ப்ராஜெக்ட் டைரக்டர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இன்னொண்ணு, 2019-ல லேண்டர்தான் விழுந்துச்சு, அதோட போன ஆர்பிட்டர் நிலாவை மேல இருந்து சுத்திகிட்டேதான் இருந்துச்சு, புது லேண்டர் இறங்க இடம் பாக்குறதுக்கு அது எடுத்த போட்டோதான் உதவுச்சு. ஃபெயில்னு முத்திரை குத்தினதுல பாதி பாஸ், அதை நாமதான் பாக்கல.

நடுவுல ஒரு மதுரைக்காரர், சண்முக சுப்பிரமணியன், சென்னைல இன்ஜினியர். நாசா வெளியிட்ட நிலா போட்டோவ, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ராத்திரி ராத்திரியா பாத்து, விழுந்த இடத்துல இருந்து 750 மீட்டர் தள்ளி ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியக் கண்டுபிடிச்சார். அது விக்ரமோட துண்டுதான்னு நாசா 2019 டிசம்பர்ல அவர் பேரைப் போட்டே சொல்லிச்சு. இதைத் தேடச் சொல்லி அவர்கிட்ட யாரும் சொல்லல. உடைஞ்சது எங்க கிடக்குன்னு பாக்கணும்னு தோணுச்சு, பாத்தார்.

ஒண்ணு மட்டும் ஞாயமா சொல்லிடறேன். இஸ்ரோவுக்கு விழுந்த அடுத்த மாசமும் சம்பளம் வந்துச்சு. உங்கள்ல சில பேருக்கு அரியர் ஃபீஸ் கட்ட அம்மா கம்மல் அடகுக்குப் போயிருக்கும், அப்பா படுத்த படுக்கையா இருப்பார். அவங்ககிட்ட போய் "கஷ்டம்தான் உன்னை வளர்க்கும்"னு நான் சொன்னா என்னை செருப்பாலதான் அடிக்கணும். சில அடி வெறும் அடிதான், அதுல பாடம் தேடிட்டு இருக்கக் கூடாது, ஃபீஸுக்கு யாராவது உதவி பண்ணணும், அவ்ளோதான். சார், இதை மேனேஜ்மெண்ட்டுக்கும் சேத்துதான் சொல்றேன்.

மத்தவங்க, ஜெராக்ஸுக்கு எத்தனை பேர் அப்ளை பண்ணியிருக்கீங்க, கை தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு... நாலு பேர். 200 பேர் உக்காந்திருக்கீங்க.

என்ன தம்பி? சத்தமா கேளுங்க. பாத்தும் தப்பு புரியலைன்னா? நல்ல கேள்வி. எனக்கும் அந்த மைனஸ் முதல்ல தெரியல, பக்கத்துல இருந்த சீனியர்தான் சிகப்பு பேனால வட்டம் போட்டார். பாஸான ஒருத்தன் பேப்பரையும் வாங்கி பக்கத்துல வச்சுப் பாருங்க. ரிசல்ட் வந்து கொஞ்ச நாள்தான் டைம் கொடுப்பாங்க, கடைசித் தேதி என்னன்னு ஆபீஸ்ல சாப்பாட்டுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, ஒரு மணிக்கு அந்த அக்கா கவுண்ட்டரை மூடிடுவாங்கன்னு இப்பதான் வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்.