படு, பாடு: குறில் நெடிலைக் காலால படிப்பிப்பம்

வணக்கம். முன்பள்ளி ரீச்சர்மாருக்கும், வீட்டில நாலு வயசுப் பிள்ளையள் உள்ள அம்மா அப்பாமாருக்கும் இண்டைக்கு ஒரே விசயம்தான்: குறிலையும் நெடிலையும் ஆட்டத்தால பிரிச்சுக் காட்டுறது.

குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு ரெண்டு தட்டு எண்டு கைதட்டிச் சொல்லிக் குடுக்கிறவை இருக்கினம். அது சரிவராது. தட்டின உடன சத்தம் முடிஞ்சிடும். பிள்ளை 'பாடு' எண்டதை 'ப-அ-டு' எண்டு மூண்டு துண்டா வெட்டிப்போடும். துள்ளுறதும் அப்பிடித்தான், கால் நிலத்தில விழேக்க மூச்சு அறுந்திடும். நெடிலுக்கு இழுபடுற அசைவு வேணும்.

காலைப் பாருங்கோ. 'ப', வலது காலால ஒரு தட்டு. 'டு', இடது காலால ஒரு தட்டு. படு. இப்ப மற்றது. வலது பாதத்தை நிலத்தோட தேய்ச்சு முன்னுக்குக் கொண்டு போறன், பா...ஆ... கால் நிக்குமட்டும் குரலும் நிக்கக் கூடாது. பிறகு 'டு', தட்டு. எங்கட இலக்கணமே மாத்திரையை, அதாவது எழுத்தைச் சொல்லுற நேர அளவை, கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் எண்டு உடம்பாலதானே அளக்குது!

பிழை வாற இடம் ஒண்டு: 'நீட்டிச் சொல்லு' எண்டா பிள்ளையள் கத்துவினம். நீளத்தையும் பெரிய சத்தத்தையும் குழப்புறது. அப்ப மெல்லிய குரலில, ரகசியம் சொல்லுற மாதிரிச் சொல்லி இழுங்கோ.

சொல்லுத் தெரிவில கவனம். படு எண்டா படுக்கலாம், பாடு எண்டா பாடலாம், ரெண்டும் செய்து காட்டக்கூடிய சொல்லு. அடுத்தது விடு, வீடு: பிடிச்ச கையை விடுறது, தலைக்கு மேல கையால கூரை போடுறது. கல், கால் வேண்டாம், பிள்ளை கல்லு, காலு எண்டுதான் சொல்லும், கணக்குக் குழம்பும். கொடு, கோடும் வேண்டாம், நாங்கள் வீட்டில 'குடு' எண்டுதானே கதைக்கிறம்.

எட்டுப் பிள்ளையள் போதும். கும்மிக்கு நிக்கிற மாதிரி வட்டமா, 12 அடி அகலம், செருப்பில்லாமல். படுக்கேக்க தலை வெளிப்பக்கம், இல்லாட்டி நடுவில தலையள் முட்டும். பத்து நிமிசம். பாட்டுப் பெட்டி வேண்டாம், சொல்லு அமுங்கிப் போகும்.

முக்கியமானது இதுதான். முதல் மூண்டு தரம் நீங்களும் சேர்ந்து செய்யுங்கோ. பிறகு கையைப் பின்னால கட்டிக்கொண்டு, அசையாமல் சொல்லை மட்டும் சொல்லுங்கோ. தொடர்ந்து செய்து காட்டினா பிள்ளை கண்ணாலதான் பிடிக்கும், காது வேலை செய்யாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்யிறவையும் இருப்பினம், அவையைக் கண்ணை மூடச் சொல்லுங்கோ.

வாய் திறக்காத பிள்ளையை வற்புறுத்தாதேங்கோ. 'படு' எண்ட உடன படுத்தா அதுவே மறுமொழி. ஜேம்ஸ் ஆஷர் எண்ட அமெரிக்க உளவியலாளர் 1960களில ரெண்டாம் மொழி படிப்பிக்க உருவாக்கின முறையும் இதுதான், முதல் கேட்டு உடம்பால செய்யிறது, பேச்சு பிறகு.

அடுத்த நாளும் இதே ரெண்டு சோடிதான். எட்டில ஆறு பேர் கண்ணை மூடிக்கொண்டு சரியாச் செய்த பிறகு மூண்டாவதைச் சேருங்கோ.