பயம் இல்லாமல் இல்லை, வேறு பயம்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, இடம் கிடைக்காமல் தெப்பக்குளத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கொரோனா காலத்தில் பெரியவர்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே கிளம்பியது அலட்சியத்தாலா, தனிமைப் பயத்தாலா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரே போடாகப் போட்டார். "எங்க அம்மாவுக்கு எழுபது வயசு, சுகர் வேற. மாஸ்க்கைத் தாடையில மாட்டிக்கிட்டு உசிலம்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாங்க. தடுப்பூசிக்குக் கூப்பிட்டா மட்டும் மாட்டேன்னாங்க. இது அலட்சியம் இல்லாம என்ன?" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். கேள்வி சரியான கேள்விதான் நடுவர் அவர்களே. பதிலில்தான் கோட்டை விட்டுவிட்டார்.

ஆபத்து தெரியாதவர்களையோ, தெரிந்தும் அதை மதிக்காதவர்களையோதான் அலட்சியம் என்று சொல்ல வேண்டும். மதுரைக்காரர்களுக்கு ஆபத்து தெரியாதா? தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணமே நம்ம ராஜாஜி அரசு மருத்துவமனையில்தான், 2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாள். ஜூன் மாதம் பரவை மார்க்கெட்டில் தொற்று பரவி, 24ஆம் தேதியிலிருந்து நமக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. அந்த வருஷம் மீனாட்சி கல்யாணத்தை வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். அழகர் ஆற்றில் இறங்கவே இல்லை. சாமியே வெளியே வராத வருஷத்தில், ஏதோ விபரீதம் என்று தெரியாத பெரியவர் யாராவது இந்த ஊரில் இருந்திருப்பாரா?

இது மதுரைக் குசும்பு மட்டும் இல்லை. 27 நாடுகளில் மக்களைக் கேட்டு 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஐம்பதுகளில் இருப்பவர்களைவிட முதியவர்கள் அப்படியொன்றும் கூடுதல் கட்டுப்பாட்டோடு இல்லை என்றுதான் அது சொன்னது. 27 நாட்டுப் பெருசுகளும் கூடிப் பேசி அலட்சியமாக இருந்தார்கள் என்றா எதிரணி சொல்கிறது?

அவர்கள் பயந்தார்கள். நாம் பயந்ததற்கு இல்லை, வேறொன்றுக்கு.

கேதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் சாவு வீட்டுக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். நம்ம பக்கத்தில் ஒரு பெரியவருக்குக் கேதம் கேட்கப் போவது பொழுதுபோக்கா? பங்காளி செத்த வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை என்றால், நாளைக்குத் தன் வாசலில் எவன் வந்து நிற்பான்? அறுபது வருஷமாக மாலையும் கோடியும் கொண்டுபோய்ச் சேர்த்த உறவு அது. "போனால் நோய் வரலாம்" என்பது ஒரு வாய்ப்பு. "போகாவிட்டால் உறவு போகும்" என்பது அவர்களுக்கு நிச்சயம். நிச்சயமான இழப்புக்கு முன்னால் வாய்ப்புள்ள ஆபத்தைத் தேர்ந்தெடுப்பது மனித இயல்பு. எழுபது வயசுக்காரர் செய்தால் மட்டும் அதற்கு அலட்சியம் என்று பெயரா?

லாரா கார்ஸ்டென்சன் என்று அமெரிக்காவில் ஓர் உளவியல் பேராசிரியை இருக்கிறார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அவரும் கூட ஆய்வு செய்தவர்களும் கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது: உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு, யாரோடு கழிப்பீர்கள்? சொந்தக்காரரோடா, புதுசாக அறிமுகமானவரோடா? முதியவர்கள் பெரும்பாலும் சொந்தத்தைச் சொன்னார்கள். சரி, மருத்துவம் முன்னேறி உங்களுக்கு இன்னும் இருபது வருஷம் ஆயுள் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போது? அந்தச் சாய்வு காணாமல் போனது! 2003இல் ஹாங்காங்கில் சார்ஸ் பரவியபோது இளைஞர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கிய உறவைத் தேடினார்கள். ஆக, காரணம் வயசு இல்லை. கையில் மிச்சம் இருக்கிற காலம். "இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கப்பா" என்று நாம் லேசாகச் சொல்லிவிட்டோம். எழுபத்தெட்டில் ஒரு வருஷம் என்பது லேசா?

ஒன்றை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். ஆக்சிஜன் இறங்கினாலும் மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்கலாம். கடை வாசலில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி வைத்துப் பார்த்துவிட்டு "நார்மல்" என்று அனுப்பினால், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவர் நம்பத்தான் செய்வார். உடம்பு அவரை ஏமாற்றியது. உடம்பு ஏமாற்றியதற்கு அவரைத் திட்டி என்ன செய்ய?

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். 2021இல் மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தாவுக்கு ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே வந்துவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது, அப்பத்தா கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. "என்னைய அங்க கொண்டுபோயிட்டுப் பையில சுத்தித்தானடா தத்தனேரி சுடுகாட்டுக்குக் குடுப்பீங்க? என் மூஞ்சிய எவன்டா பார்ப்பான்?" இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அது சாவுக்குப் பயப்படவில்லை நடுவர் அவர்களே. யாரும் இல்லாமல் சாவதற்குப் பயந்தது. தினமும் போனில் முகம் காட்டுகிறோம் என்று வார்டு நர்ஸிடம் என் தங்கை வாக்கு வாங்கிய பிறகுதான் வண்டியில் ஏறியது. பிழைத்துத் திரும்பி, ஆஸ்பத்திரி இட்லியை இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது, அது வேறு கதை.

கல்யாணத்துக்குத் துணிந்து போன மனுஷி ஆஸ்பத்திரிக்கு ஏன் பயப்படுகிறார் என்பதை எதிரணியின் அலட்சியத்தை வைத்து விளக்க முடியுமா? எங்கள் அணி சொல்கிற தனிமைப் பயத்தை வைத்து விளக்கலாம். கல்யாணத்தில் ஆள் இருக்கிறது, வார்டில் இல்லை. தடுப்பூசியும் அப்படித்தான். 2021 மார்ச் 1இல் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனாலும் "நல்லா இருக்கிற உடம்பு, ஊசியைப் போட்டுப் படுத்துட்டா தூக்கிட்டுப் போயி வார்டுல போட்ருவாங்களே" என்ற பயம் தெருத் தெருவாக ஓடியது. அது அலட்சியத்துக்கு நேர் எதிர்.

நாம்தான் ஆட்டோவில் மைக் கட்டி "வெளியே வந்தால் உயிர் போகும்" என்று கத்திக்கொண்டு போனோம். உயிர் போவதைப் பற்றி நம்மைவிட அதிகம் யோசித்து வைத்திருப்பவர்களிடம் போய் அதையே சொன்னோம். "உங்ககிட்ட இருந்து பேத்திக்கு ஒட்டிரும் அப்பத்தா" என்று சொல்லிப் பார்த்த வீடுகளில் கதை வேறாக இருந்தது, இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களைக் கேளுங்கள்.

எதிரணித் தலைவரின் அம்மா இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டார்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். கடைசியில் எதற்காகச் சம்மதித்தார்கள் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. பதிலுரைக்கு வரும்போது அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. சொல்லாவிட்டால் மைக்கை அம்மாவிடமே கொடுத்துவிடலாம்.