கரையேறிய கப்பலும் வரப்போர நடுகல்லும்

(தருமபுரியில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, முன்வரிசையை அழகுசெய்யும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியப் பெருமக்களே, ஒலிபெருக்கியும் தேநீரும் தந்துதவிய வணிக நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பழங்கப்பல்களைக் காப்பது எப்படி, அதற்குச் செலவிடுவது தகுமா, கடலே இல்லாத நம் மாவட்டத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று மூன்று பொருள்களை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். 1969-இல் கடற்படையில் சேர்ந்து 2001-இல் ஓய்வுபெற்ற குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பலை விசாகப்பட்டினம் கடற்கரைக்கு இழுத்துவந்து, மறு ஆண்டே அருங்காட்சியகமாக்கியிருப்பதைக் கண்டபோது எனக்கு அந்தப் பழமொழிதான் தோன்றியது. எங்களுடன் வந்திருந்த பென்னாகரத்துப் பெரியவர் ஒருவர், உள்ளே இருக்கும் வட்ட வாயில்களில் குனிந்து நுழைவதற்காகத் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழிகாட்டியாக நின்ற முன்னாள் கடற்படை வீரரிடம் நம் பக்கத்துத் தெலுங்கிலேயே, "குளிப்பதெல்லாம் எங்கே, ஐயா?" என்று கேட்டார். "நன்னீர் குடிக்கவும் சமைக்கவும்தான், பெரியவரே, குளியல் கரை சேர்ந்த பிறகு" என்றார் அவர். "சுற்றிலும் தண்ணீர், குடத்தில் இல்லையா? அப்படியானால் நீங்கள் எங்கள் ஊர்க்காரர்தான். கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும் முன்பு ஒகேனக்கல் எங்கள் காதுக்குத்தான் எட்டியது, குடத்துக்கு எட்டவில்லை" என்றார் பெரியவர். கப்பலே குலுங்கச் சிரித்தோம். வட்டாட்சியர் அவர்களும் இப்போது சிரிக்கிறார்கள், நன்றி.

எல்லாக் கப்பலுக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. 1628-இல் மூழ்கிய வாசா கப்பலை சுவீடன் நாட்டார் 1961-இல் மேலே எடுத்து, மரம் சுருங்கி வெடிக்காதிருக்கப் பதினேழு ஆண்டுகள் மருந்துக் கரைசல் தெளித்தார்கள். 1971 போரில் வங்கக் கடலில் நின்ற நம் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலோ, மும்பையில் சில காலம் காட்சிக்கு இருந்தும், 2014-இல் உடைப்புக்குப் போனது. இறந்த யானைக்கு ஆயிரம் பொன் என்பது, காப்பதற்கு ஆள் இருக்கும் வரைதான்.

நமக்குக் கப்பல் இல்லை, நடுகல் இருக்கிறது. ஆநிரை மீட்கப் போய் வீழ்ந்தவனின் உருவமும், வட்டெழுத்தில் அவன் பெயரும் பொறித்த கற்கள் சில நம் அரசு அருங்காட்சியகத்தில் நிழலில் நிற்கின்றன. வெளியே வரப்போரத்தில் வெயிலிலும் மழையிலும் தேய்பவை பல. துணி துவைக்கும் கல்லாகிப்போன ஒன்றை நானே கண்டேன். ஊருக்கு ஒரு தகரக் கூரையும் ஒரு பெயர்ப்பலகையும் கேட்டு மனு எழுதி, வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறோம். தேநீர் அருந்தும் முன் கையெழுத்திட்டு, உங்கள் ஊரில் நடுகல் நிற்கும் நிலத்தின் சர்வே எண்ணையும் அதில் குறித்துவிட்டுச் செல்லுங்கள்.